பஞ்சும் தும்பும்: கைந்நூற்பின் கதை

நூல் என்னும் சொல் தமிழிலே இரு பொருள் தந்து நிற்கின்றது. உடுக்கும் ஆடைக்கு இழையாவதும் நூல். கற்கும் ஏட்டுக்குப் பெயராவதும் நூல். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பாயிரத்திலே ஓர் உவமையால் விளக்குகின்றார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் சுழற்றும் கதிர் என்பது அவ்வுவமை. இலக்கணம் கற்போர் இதனைப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு அப்பாற் செல்வர். சற்றே நின்று நோக்கினால், முனிவர் செய்த காரியம் எத்துணைப் பெரிது என்பது புலனாகும். கல்விக் கடலாகிய புலவனைக் கொண்டுபோய், திண்ணையிலே கதிர் சுழற்றும் ஓர் எளிய பெண்ணின் இடத்திலே அவர் அமர்த்திவிட்டார்.

உவமானம் தெரிந்தாலன்றோ உவமை விளங்கும்? பஞ்சு நூலாவதைக் கண்ணாற் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? இக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

நண்பர்கள் கூடிய மாலை

சங்கத்து நண்பர்கள் நால்வர் ஒரு விடுமுறை மாலையிலே இதனைச் செய்து பார்ப்பதென்று துணிந்தோம். சிரட்டையை வட்டமாக அராவி, நடுவிலே துளையிட்டு, பழைய குடைக்கம்பியைச் செருகித் தக்களி நான்கு ஆக்கினோம். நார்களைத் தேடுவதிற் சிரமமில்லை. கோளாவிலில் ஒரு வீட்டு வளவிலே நின்ற நாட்டுப் பருத்தியிற் கொஞ்சம், தலையணைக்கு வைத்திருந்த இலவம்பஞ்சு ஒரு பிடி, கடற்கரை மணலிலே வெடித்துக் கிடந்த எருக்கலங்காய் சில, வாழைத்தண்டு ஒன்று, வேலியோரத்து மருள் இலைகள், இவற்றோடு ஊறிய மட்டையிலிருந்து அடித்தெடுத்த தென்னந்தும்பு. எல்லாம் நம் ஊர்ச் சரக்கே.

முதலிற் பருத்தியை எடுத்தோம். கொட்டை நீக்குவதிலேயே பாதி நேரம் போயிற்று. பின் பஞ்சை விரல்களாற் பிய்த்து மென்மையாக்கி, சிறு திரியாக உருட்டி, தக்களியின் நுனியிலே பற்றவைத்துச் சுழற்றினோம். இடக்கை பஞ்சை இழுக்கவேண்டும், தக்களி முறுக்கவேண்டும். இழுப்பு மிகுந்தால் இழை அறும். முறுக்கு மிகுந்தால் இழை சுருண்டு முடிச்சாகும். இரண்டும் ஒத்துவந்தபோது மட்டும் ஒரு முழம், இரு முழம் என்று நூல் பிறந்தது. அதுவும் ஓரிடத்திற் கயிறுபோலவும் ஓரிடத்திற் சிலந்தி நூல்போலவும் இருந்தது. ஒரு மணிநேரம் சென்றபின் அளந்து பார்த்தோம். நால்வரும் கூடி நூற்றது ஏறத்தாழ 40 யார். எங்கள் பெருமை அடங்கிற்று என்றே சொல்லவேண்டும்.

பழையோர் கண்ட பஞ்சு

எங்களுக்கு ஒரு மாலையில் வசப்படாத இக்கலை, மனித குலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வசமாயிருந்தது. இன்றைய பாக்கிஸ்தானிலுள்ள மேகர்கார் என்னும் இடத்திலே, இற்றைக்கு ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றிற் கிடைத்த செப்பு மணியினுள்ளே பருத்தி இழை காணப்பட்டது. செம்பின் களிம்பு அவ்விழையை அழியாது காத்திருந்தது. மொகஞ்சதாரோவிலும் பருத்தித் துணியின் எச்சம் கிடைத்தது. தமிழ்நாட்டிலே கொடுமணலிலும், 2015 முதல் அகழப்பட்டுவரும் கீழடியிலும் சுடுமண் தக்களி வட்டுக்கள் கிடைத்துள்ளன. நாங்கள் சிரட்டையிலே செய்ததை அவர்கள் மண்ணிலே செய்தார்கள், வேறுபாடு அவ்வளவே.

கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியிலே எழுதப்பட்ட எரித்திரேயக் கடற் செலவு என்னும் நூல், தமிழகத்திலிருந்து ஏற்றுமதியான மெல்லாடையைக் குறிப்பிடுகின்றது. அது உறையூரின் ஆடை என்பர் அறிஞர். அவ்வாடைக்கு நூல் தந்தவர் யார்? சங்கச் செய்யுட்களே விடை கூறுகின்றன. ஆடவர் துணையற்ற மகளிர் தம் முயற்சியாற் பஞ்சு நூற்று வாழ்ந்த செய்தி அவற்றிலே வருகின்றது. இரவிலும் விளக்கொளியிலே பஞ்சினைத் தூய்மை செய்த பெண்ணைப் புறநானூறு காட்டுகின்றது. நிலமும் துணையும் இல்லாதவளுக்குக் கதிரே துணையாயிற்று.

நம் ஈழத்து வரலாற்றின் வாயிலிலும் ஒரு பெண் நூற்றுக்கொண்டே இருக்கின்றாள். விசயனின் தோழர் இத்தீவிலே இறங்கியபோது, குவேனி ஒரு மரத்தடியிலே அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று மகாவம்சம் உரைக்கின்றது. அது கதையாகவே இருக்கட்டும். அக்கதையை எழுதியவருடைய கண்ணுக்கு, இலங்கைப் பெண் என்றதும் நூற்கும் பெண் தோன்றினாள் என்பது கதையன்று.

அக்காலத்திலே இராட்டை இல்லை. தக்களியும் கதிருமே இருந்தன. சக்கரத்தைச் சுழற்றிக் கதிரை ஓட்டும் இராட்டையைப் பற்றி இந்தியாவிலே கிடைக்கும் பழைய தெளிவான எழுத்துச் சான்று, 1350ஆம் ஆண்டளவிலே இசாமி என்பவர் பாரசீக மொழியில் இயற்றிய வரலாற்றுக் காவியத்திலுள்ளது. ஆகவே சங்க காலத்து மெல்லாடைகளும் உறையூர்த் துகிலும் சக்கரமின்றியே நூற்கப்பட்டவை. நாங்கள் 40 யார் நூற்று ஓய்ந்த அதே சிறு கருவியினால் அவை ஆயின என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

வழுக்கும் பஞ்சு, பற்றும் பஞ்சு

அடுத்து இலவம்பஞ்சை எடுத்தோம். பார்வைக்குப் பருத்தியினும் அழகு, பட்டுப்போல மினுக்கம். ஆனால் தக்களியிலே பற்றவைத்ததும் பிரிந்து பறந்தது. எங்கள் மூக்கினுள்ளும் புகுந்தது. எருக்கலம்பஞ்சும் அவ்வாறே. முறுக்க முறுக்க நழுவியது. தக்களியின் பாரத்தையும் தாங்காமல் அறுந்தது.

இதன் காரணம் நுணுக்குக்காட்டியிலே தெரியும். பருத்தி இழை உலரும்போது சப்பையாகித் தானே முறுகிக்கொள்கின்றது. அந்த இயற்கை முறுக்கினால் ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்ளும். இலவம்பஞ்சின் இழையோ உள்ளே காற்று நிறைந்த குழல். மேலே மெழுகு பூசிய வழவழப்பு. ஒன்றையொன்று பற்றுவதற்கு அதிலே இடமில்லை. ஆனால் நூலுக்கு ஆகாத அக்குணமே வேறொன்றுக்கு ஆயிற்று. நீர் உட்புகாமையால் இலவம்பஞ்சு தன் பாரத்தைப்போற் பல மடங்கு பாரத்தை நீரிலே மிதக்கச் செய்யும். ஆதலின் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளிலே நெடுங்காலம் அதனையே அடைத்தனர்.

நண்பர் ஒருவர் பருத்தியையும் இலவம்பஞ்சையும் சரிபாதியாகக் கலந்து நூற்றுப் பார்த்தார். நூல் நின்றது! எருக்கலம்பஞ்சையும் அவ்வாறு கலந்தோம். அதுவும் நின்றது, மெல்லிய மினுக்கமும் இருந்தது. பற்றும் இயல்புடையது நழுவும் இயல்புடையதைத் தாங்கிக்கொண்டது. அன்று மாலை எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி இதுவே.

பஞ்சு நன்றாயிருந்தாலும் அதனைப் பக்குவம் செய்யும் கை வேண்டும். ஆந்திர நாட்டிலே சிறீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூர் என்னும் ஊரிற் கதர் நூற்கும் பெண்கள், வாலுகா என்னும் மீனின் தாடையெலும்பைச் சீப்பாகக் கொண்டு பருத்தியைக் கோதுகின்றார்கள். அது நம் குளங்களில் வாழும் வாளையின் இனம். அதன் நெருங்கிய சிறு பற்கள் செய்யும் வேலையை இரும்புச் சீப்பு செய்வதில்லையாம். மீன் தின்று எலும்பை எறிந்துவிடும் நாம் இதனைக் கேட்டு நாணத்தான் வேண்டும்.

நாரும் தும்பும்

வாழை நாரும் மருளும் வேறு வகை. இவை பஞ்சல்ல, நீண்ட நார்கள். வாழைத்தண்டின் மடல்களை உரித்து, சதையைச் சுரண்டினால் முழக்கணக்கான வெண்ணார் வருகின்றது. மருள் இலையைப் பலகையில் வைத்துச் சிரட்டை ஓட்டினாற் சுரண்ட, அதனினும் வெண்மையும் உறுதியும் உள்ள நார் கிடைத்தது. பண்டு வில்லுக்கு நாணாக அமைந்தது இத்தகைய நாரே. நம் நாட்டிலே தும்பறைப் பகுதியின் கெனவல என்னும் ஊரார் இந்த நாரினத்தைச் சாயமிட்டு நெய்யும் பாய்கள் பெயர்பெற்றவை.

இந்நார்களை நாங்கள் பஞ்சைப்போல இழுத்து நூற்க முயன்று தோற்றோம். நீண்ட நார் இழுபடாது. மெல்லியதாகக் கிழித்து, நுனியோடு நுனி சேர்த்து, ஈரமாக இருக்கும்போதே முறுக்கவேண்டும். தாமரைத் தண்டின் நூலும் இத்தகையதே. தண்டை ஒடித்து இழுக்கும்போது நீளும் அம்மெல்லிழைகளை ஈரக்கையால் உருட்டிச் சேர்த்து, பர்மாவின் இன்லே ஏரிக் கரையிலே ஆடை நெய்கின்றார்கள். நம் ஆலயங்களிலே தாமரைத்தண்டுத் திரியும் எருக்கந்திரியும் ஏற்றும் வழக்கம் உண்டல்லவா? நார்களைச் சோதித்தறிந்த முன்னோரின் அறிவு, விளக்குத் திரி அளவிலேனும் நம்மிடம் எஞ்சி நிற்கின்றது.

கடைசியாகத் தும்பு. சிரட்டைத் தக்களியிலே தும்பைச் சுற்றி நாங்கள் பட்ட பாட்டை, அயல்வீட்டு ஆச்சி ஒருவர் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதைப் போட்டு முறுக்காத மனே. தண்ணி தெளிச்சு, உள்ளங்கையில வச்சு உருட்டு. அது தன்ட பாட்டில வரும்."

சொன்னதோடு நில்லாமல் வந்து உட்கார்ந்தார். இரு கைகளிலும் இரு புரி. உள்ளங்கைகளை ஒன்றன்மேலொன்று ஓட்டினார். புரிகள் தனித்தனியே ஒரு பக்கம் முறுகின. கையை விட்டதும் இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கயிறாகிவிட்டன. நாங்கள் புத்தகத்திலே படித்திருந்த விதி இதுதான். ஒற்றைப் புரி பிரியும். இரு புரிகளை எதிர்முறுக்கிற் சேர்த்தால் அவை பிரியமாட்டா. ஆச்சி அதனை விதி என்று அறியார். அவருடைய கை அறிந்திருந்தது.

கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடைப்பட்ட கரையெங்கும் களப்போரச் சேற்றிலே மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்துக் கயிறு திரித்த பெண்கள் பலர். கரைவலை இழுத்த கயிறும், மாடு கட்டிய கயிறும், வீட்டு வரிச்சுக் கட்டிய கயிறும் அவர்களுடைய கையிலிருந்து வந்தவை. "இது படிக்காத ஆக்கள்ட வேலைதானே மனே, இதை ஏன் கேக்கிறியள்?" என்று ஆச்சி கூசினார். அக்கேள்வி எங்களைச் சுட்டது.

நெசவு பிழைத்தது, நூற்பு மாண்டது ஏன்?

நம் பகுதியிலே கைத்தறி நெசவு இன்றும் உண்டு. கல்முனைக்கு அருகிலுள்ள மருதமுனையின் சாரங்களும் சேலைகளும் நாடறிந்தவை. மட்டக்களப்புக்குத் தெற்கே ஆரையம்பதியும் நெசவுக்குப் பேர்போன ஊர். ஆனால் இவ்வூர்களின் தறிகளில் ஓடுவது ஆலை நூல். கைத்தறி நிலைத்திருக்க, கைந்நூற்பு மட்டும் ஏன் அற்றுப்போயிற்று? சிறு கணக்கு ஒன்று இதனை விளக்கும்.

4 யார் நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள ஒரு வேட்டியை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 40 இழை என்றால், பாவுக்கு 2,000 இழை. ஒவ்வொன்றும் 4 யார். ஆக 8,000 யார். ஊடைக்கும் அதே அளவு. மொத்தம் 16,000 யார், அதாவது 9 மைலுக்கு மேல். அக்கரைப்பற்றிற் கட்டிய நூல் திருக்கோவில் சித்திர வேலாயுதர் சந்நிதியை எட்டிவிடும்! ஓர் இறாத்தல் பாரத்திலே 840 யார்ச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அந்த எண்ணே நூலின் நம்பர். ஆகவே 20ஆம் நம்பர் நூலில் இவ்வேட்டி ஓர் இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. தேர்ந்த கை இராட்டையிலே மணிக்கு 300 யார் நூற்பதாகக் கொண்டாலும் 53 மணிநேரம் வேண்டும். எங்கள் நால்வரின் வேகத்திலோ 400 மணிநேரம். நெசவாளன் அதனை ஓரிரு நாளில் நெய்து முடிப்பான். ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கதிர்கள் ஓயாது சுழலவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்த இடுக்கிலேதான் இயந்திரம் நுழைந்தது. இங்கிலாந்திலே 1764இல் ஆர்கிரீவ்சின் ஜென்னியும், 1769இல் ஆர்க்ரைற்றின் நீர்ச்சட்டமும், 1779இல் கிராம்ப்டனின் மியூலும் தோன்றின. ஒருவர் பல கதிர்களை ஒருங்கே ஓட்டினார். நூல் மலிந்தது. மலிந்த நூலை வாங்கிய கைத்தறியாளன் சில காலமாவது தாக்குப்பிடித்தான். நூற்றவளுக்கோ நிற்க நிலமில்லை.

1828ஆம் ஆண்டிலே வங்காளத்துச் சமாசார் தர்ப்பண் பத்திரிகையிலே, நூற்கும் விதவை ஒருத்தியின் முறைப்பாடு வெளியாயிற்று. 22 வயதிலே மூன்று பெண்மக்களுடன் கைம்பெண்ணானவள் அவள். கணவனின் சிராத்தத்துக்கு நகைகளை விற்று, பட்டினியின் விளிம்பிலே நின்றபோது தக்களியும் இராட்டையும் கைகொடுத்தன. நெசவாளர் வீடு தேடி வந்து நூல் வாங்கினர். அவ்வருவாயிலே மக்களை மணஞ்செய்து கொடுத்தாள். பின்னர்ச் சீமை நூல் வந்தது. நெசவாளர் அவள் வாயிலுக்கு வருவதை நிறுத்தினர். இதுவே அவள் முறையீட்டின் சாரம். சங்கச் செய்யுளிலே நாம் கண்ட அதே பெண் இவள். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு துணையற்ற பெண்ணைக் காத்துவந்த கதிர், ஒரு தலைமுறைக்குள் அவள் கையை விட்டு நழுவிற்று. அவளுக்காகப் போர் நிகழவில்லை, நினைவுக்கல்லும் நாட்டப்படவில்லை.

காந்தியடிகளின் தேடல்

அவள் முறையீட்டை ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமது பத்திரிகையிலே மீண்டும் வெளியிட்டவர் காந்தியடிகள். 1909இல் இந்திய சுயராச்சியம் எழுதி இராட்டையைப் புகழ்ந்தபோது அவர் இராட்டையைக் கண்டதில்லை. இதனை அவரே தமது சுயசரிதையிலே ஒப்புக்கொள்கிறார். ஆமதாபாத் ஆச்சிரமத்திலே முதலிற் தறியே வந்தது. நூல் ஆலையிலிருந்து வந்தது. தம் நூலைத் தாமே நூற்காதவரை விடுதலை இல்லை என்று கண்டு இராட்டையைத் தேடினார். கங்காபென் என்னும் விதவை பல இடம் அலைந்து, பரோடா அரசிலுள்ள விஜாப்பூரிலே பரண்களிற் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். பரணிலே தூசி படிந்து கிடந்த பொருளே பின்னர் ஒரு தேசத்தின் கொடியிலே ஏறியது.

1924இல் பெல்காமிலே கூடிய காங்கிரஸ், உறுப்பினர் மாதந்தோறும் 2,000 யார் கைந்நூல் தரவேண்டும் என்று விதித்தது. அவ்விதி அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. எங்கள் 40 யாரை நினைக்கும்போது, அது தளர்ந்த காரணம் நன்கு விளங்குகின்றது! 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திலே காந்தி ஆச்சிரமம் கண்டார். 1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிற் சுற்றியது கதர் நிதிக்காகவே. 1950களிலே பரவிய அம்பர் சர்க்கா, தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் ஆக்கியது. அவர் பெயரின் இடைப்பகுதியே அதன் பெயராயிற்று.

இத்தனை முயற்சியும் ஆலையை வென்றதா எனின், இல்லை என்பதே நேர்மையான விடை. ஆயினும் கலை முற்றாக அழியாமல் நின்றது. டாக்காவின் மெல்லாடை ஒன்றரை நூற்றாண்டு மறைந்திருந்தபின், வங்காள தேசத்தார் 2014 அளவிலே அதற்குரிய பருத்திச் செடியைத் தேடத் தொடங்கி, 300ஆம் நம்பர் நூலைக் கையாலே மீண்டும் நூற்றுக் காட்டினர். நூற்கத் தெரிந்த பெண்கள் சிலர் எஞ்சியிருந்தமையாலேயே அது கைகூடிற்று. கை மறந்ததை ஏடு முழுவதும் மீட்டுத்தராது.

நம் கடன்

நம் கரையிலும் இக்கதை நடந்துகொண்டிருக்கிறது. 1977இன் பின் வந்த மலிவுத் துணிகள் கைத்தறியை நெருக்கின. 2004 மார்கழி 26இல் எழுந்த கடற்கோள் மருதமுனைத் தறிகள் பலவற்றை அள்ளிச் சென்றது. அங்குள்ள நம் சகோதரர் மீண்டும் தறி கட்டினர். கயிற்றின் கதை அவ்வாறல்ல. 1960களையடுத்து நைலோன் வலையும் கயிறும் பரவ, தும்புக் கயிறு மெல்ல மெல்லக் கரையை விட்டு நீங்கிற்று. 1828இல் வங்கத்து விதவைக்கு நேர்ந்தது, நம் ஆச்சிமாருக்குச் சத்தமின்றி நேர்ந்தது.

எல்லோரும் நூற்று உடுப்போம் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. மேலே காட்டிய கணக்கு அதற்கு இடந்தராது. செய்யத்தக்கன வேறு உள. ஆலய விளக்குக்குரிய திரியை இளைஞர் தம் கையாலே திரிக்கலாம். வளவுக்கு ஒரு பருத்திச் செடி நட்டால் அதற்குரிய பஞ்சு கிடைக்கும். காப்புக் கட்டும் நூலும் அவ்வாறே ஆகட்டும். நவராத்திரி ஆயுத பூசையிலே ஏட்டோடும் எழுதுகோலோடும் ஒரு தக்களியையும் வைப்போம். ஊர்தோறும் கயிறு திரித்த மூதாட்டியரிடம் சென்று, மட்டை ஊறப்போடும் காலம், தும்பின் தரம், புரி சேர்க்கும் முறை, அவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். காலம் அதிகம் இல்லை.

அன்று நாங்கள் நூற்ற 40 யார் நூல் ஒரு சிறு உருண்டையாகச் சங்க அலுமாரியில் இருக்கிறது. அதன் அருகே ஆச்சி திரித்த ஒரு பாகக் கயிறும் இருக்கிறது. எங்கள் நூலிலே முடிச்சுக்கள் பல. ஆச்சியின் கயிற்றிலே ஒரு முடிச்சும் இல்லை. பவணந்தி முனிவர் தமது பாயிரத்திலே புலவனை ஏன் அவள் இடத்தில் அமர்த்தினார் என்பதை அறிய விரும்பும் இளைஞர், அவ்விரண்டையும் எடுத்துப் பார்க்கலாம். பார்த்தபின் ஆச்சியிடமும் ஒருமுறை சென்று வரவேண்டும்.